ஒரு கூடையைப் பார்த்து மலையை அளக்கலாமா?

2021ஆம் ஆண்டை நம்ம தோட்டங்களிலே யாரும் லேசில் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் மார்ச் மாதம்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே, மே மாதம் 6ஆம் திகதி இன்னொரு வர்த்தமானி வந்தது. இரசாயன உரமும் பூச்சிநாசினியும் களைநாசினியும் இனிமேல் நாட்டுக்குள் வரக்கூடாது, நாடு முழுவதும் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் அதிலே கட்டளையிட்டது. அதுவும் படிப்படியாக அல்ல. ஒரேயடியாக.

ஸ்டோரிலே இருந்த மிச்ச உரம் தீரும்வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. புல்லு இடுப்பளவுக்கு ஏறியது. இலை வெளிறியது. "முந்தி ஒரு நெரையிலே நிறையிற கூடை, இப்ப மூணு நெரை போனாத்தான் நிறையுது" என்று பெரட்டுக் களத்திலே பேசிக்கொண்டார்கள். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டார்கள். கொழுந்து இல்லாத மலையிலே அதை எங்கே போய்ப் பறிப்பது? கிலோ குறைந்தால் அரைப்பேர். சட்டம் போட்டது கொழும்பிலே, அரைப்பேர் விழுந்தது லயத்திலே.

ஒக்டோபரில் தேயிலைக்குத் தடையைத் தளர்த்தினார்கள். நவம்பர் மாதக் கடைசியில் எல்லாப் பயிருக்கும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு போகம் போய்விட்டது, டொலரும் போய்விட்டது, உரத்தின் விலையும் பல மடங்கு ஏறிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த அரசாங்கத்தைத் திட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல. திட்ட வேண்டியவர்கள் அப்போதே திட்டிவிட்டார்கள். நாம் கேட்கப்போவது ஒரே ஒரு கேள்விதான். இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா? இருந்தது. அந்த வழிக்கு ஒரு பெயரும் உண்டு. ஆங்கிலத்தில் 'சிஸ்டமெட்டிக் ரிவியூ' என்பார்கள். தமிழில் 'முறைப்படியான மீளாய்வு' என்று சொல்லலாம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொழுந்து நிறுக்கிற இடத்திலே நின்றவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல.

ஒரு மலையிலே நாற்பது பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். மலையிலேயே கைவேகமான ஒரு அக்காவின் கூடையை மட்டும் எட்டிப் பார்க்கிறார். "அடேயப்பா, இந்த மலையிலே ஆளுக்கு முப்பது கிலோ கிடைக்கிறதே!" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அவர் எழுதியது பொய்யா? பொய் இல்லை. அந்தக் கூடையிலே முப்பது கிலோ இருந்தது உண்மைதான். ஆனால் மலையைப் பற்றி அவர் சொன்னது தப்பு. மற்ற முப்பத்தொன்பது கூடையையும் அவர் பார்க்கவில்லை. முதல் நாள் மழையா வெயிலா, அந்த நெரை போன வருடம் கவ்வாத்து வெட்டியதா, கூடையிலே முற்றின இலை எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

நாட்டைப் பற்றிய முடிவுகளும் பல தடவை இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. ஒரு இடத்தில் ஒரு பரீட்சை நன்றாக வந்திருக்கும். அதை ஒருவர் பத்திரிகையில் படித்திருப்பார். இன்னொரு இடத்தில் அது தோற்றுப்போயிருக்கும், அதை யாரும் அச்சிலேகூடப் போட்டிருக்க மாட்டார்கள். தோற்றுப்போன கதையை எழுதி அனுப்ப ஆராய்ச்சிக்காரருக்கும் மனம் வராது, அதை வாங்கிப் போடப் பத்திரிகைக்கும் மனம் வராது. கடைசியில் நம் காதுக்கு வருவதெல்லாம் நிறைந்த கூடைகளின் கணக்கு மட்டுந்தான்.

முறைப்படியான மீளாய்வு என்பது நாற்பது கூடையையும் நிறுக்கிற வேலை. முதலிலே கேள்வியைச் சரியாக எழுதுவார்கள். "சேதன விவசாயம் நல்லதா?" என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. "இரசாயன உரம் போட்ட நிலத்தையும் சேதனப் பசளை மட்டும் போட்ட நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளைச்சல் எவ்வளவு வித்தியாசப்படுகிறது?" என்று கேட்கவேண்டும். பிறகு, எந்த மாதிரிப் பரீட்சையைக் கணக்கில் எடுப்பது, எதைத் தள்ளுவது என்ற விதியை முன்கூட்டியே எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிடுவார்கள். இது ரொம்ப முக்கியம். முடிவைப் பார்த்துவிட்டுப் பிறகு விதியைப் போட்டால், பிடிக்காததையெல்லாம் தள்ளிவிட்டுப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்குப் பிறகுதான் தேடுவது. அச்சில் வந்தது, வராமல் அலுவலக அலுமாரியில் தூங்குவது, வேறு மொழியில் இருப்பது எல்லாவற்றையும் தேடுவார்கள். கிடைத்ததை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துத் தரம் பார்ப்பார்கள். ஒரே கொழுந்தை இரண்டு கணக்கப்பிள்ளை தனித்தனியாக நிறுத்த மாதிரி. இரண்டு பேரின் கணக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு, பெரிய, கவனமான பரீட்சைக்குக் கூடுதல் எடையும் சின்னதுக்குக் குறைந்த எடையும் கொடுத்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லுவார்கள்.

இந்தப் பழக்கம் முதலில் வேரூன்றியது விவசாயத்தில் அல்ல, ஆஸ்பத்திரியில். அந்தக் கதையைத் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு நுரையீரல் முற்றியிருக்காது. மூச்சுவிட முடியாமல் பல பிள்ளைகள் இறந்துபோகும். 1972இல் நியூசிலாந்து நாட்டில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு டொக்டர்மார் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். முன்கூட்டியே பிரசவ வலி வந்த தாய்க்கு ஒரு மருந்தை ஊசியாகப் போட்டால், வயிற்றிலே இருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முற்றுகிறது, இறப்புக் குறைகிறது என்று அதிலே தெரிந்தது. விலை கூடிய மருந்தும் இல்லை. அதன் பிறகு வேறு நாடுகளிலும் பல பரீட்சைகள் நடந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சின்னது. ஒன்றிலே பலன் தெரியும், இன்னொன்றிலே தெளிவாகத் தெரியாது. "இன்னும் நிச்சயமாகவில்லை" என்று பெரும்பாலான டொக்டர்மார் அந்த ஊசியைப் போடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி ஒரே தராசில் போட்ட மீளாய்வு 1989இல்தான் வந்தது. போட்டுப் பார்த்தால், சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஊசி உயிரைக் காப்பாற்றுகிறது. இடையிலே பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடத்திலே பிழைத்திருக்க வேண்டிய எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் பிழைக்காமல் போனார்கள். பதில் இருந்தது. ஆனால் துண்டு துண்டாகப் பல அலுமாரிகளில் இருந்தது.

1993இல் இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்ட் நகரத்தில் 'கொக்ரேன்' என்ற அமைப்பு இந்த வேலைக்கென்றே தொடங்கப்பட்டது. ஆர்ச்சி கொக்ரேன் என்ற ஸ்கொட்லாந்து டொக்டரின் பெயர் அது. வைத்தியத்துறை தன் பரீட்சைகளை ஒழுங்காகத் திரட்டி வைக்கவில்லை என்று பல வருடம் சண்டைபிடித்தவர் அவர். அந்த அமைப்பின் சின்னத்திலே சில கோடுகள் வரைந்திருக்கும். பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அவை அந்தக் குறைமாதப் பிள்ளைகளின் பரீட்சைக் கணக்குகள்தான்.

வைத்தியத்திலிருந்து இந்த முறை மற்றத் துறைகளுக்கும் பரவியது. கல்வி, சமூக நலன் போன்றவற்றுக்கு 2000இல் கம்பெல் என்ற அமைப்பு வந்தது. காடு, மண், நீர், வனவிலங்கு இவற்றைக் காப்பாற்ற எடுக்கிற முடிவுகளும் இப்படியே எடுக்கப்பட வேண்டும் என்று அண்ட்ரூ புலின் போன்ற ஆராய்ச்சியாளர்கள் 2001இலிருந்து எழுதி வந்தார்கள். ஏழை நாடுகளில் நடக்கும் அபிவிருத்தித் திட்டங்களின் பலனை அளக்க 2008இல் தனியாக ஒரு நிறுவனம் உண்டானது. அபிவிருத்தித் திட்டம் என்றால் நமக்கும் பழக்கந்தானே. கக்கூஸ் திட்டம், குடிதண்ணி திட்டம், புகையில்லா அடுப்புத் திட்டம், கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு என்று எத்தனை போர்டு பார்த்திருக்கிறோம்! போர்டு நிற்கிறது, சிலதிலே திட்டத்தைத்தான் காணவில்லை.

இனி உரத்துக்கு வருவோம். 2021இல் தடை போடுவதற்கு ரொம்ப முந்தியே, சேதன விவசாயத்தைப் பற்றிய பரீட்சைகளைத் திரட்டிய மீளாய்வுகள் அச்சில் இருந்தன. 2012இல் வந்த ஒன்று, 34 வகைப் பயிர்களில் நடந்த 316 ஒப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. சேதன முறையில் விளைச்சல் 5 வீதத்திலிருந்து 34 வீதம் வரைக்கும் குறையலாம், எவ்வளவு குறையும் என்பது பயிரையும் மண்ணையும் பராமரிப்பையும் பொறுத்தது என்று அது சொன்னது. அதே வருடம் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 362 ஒப்பீடுகளைத் திரட்டி, சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றார்கள். 2014இல் அமெரிக்காவிலே இன்னொரு குழு 115 ஆராய்ச்சிகளைத் திரட்டியது. அவர்களுக்கும் வந்தது ஏறக்குறைய 19 வீதக் குறைவு. தனித்தனியாகத் தேடிய மூன்று குழு, மூன்று கணக்கு, பதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

"சரி, ஐந்தில் ஒன்று குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது, மண் நல்லாயிருக்குமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோயால் ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. அதற்கு என்ன காரணம் என்று இன்னும் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் பயம் உண்மையான பயம். மருந்து அடிக்கிற நம்ம ஆட்களுக்கும் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் பட்டது தெரியும். ஆகவே நோக்கத்தைக் குறை சொல்லவேண்டியதில்லை. மீளாய்வை விரித்து வாசித்திருந்தால், எப்படி மாறுவது, எவ்வளவு காலத்தில் மாறுவது என்று தெரிந்திருக்கும். நல்ல முறையில் சேதன விவசாயம் செய்த இடங்களில் குறைவு கொஞ்சந்தான், சரியாகச் செய்யாத இடங்களில் கூட என்று அதிலேயே இருக்கிறது. பல இடங்களில் பயிரை இழுத்துப்பிடித்தது நைதரசன் சத்துப் போதாமைதான் என்றும் இருக்கிறது. மண் புளிப்புக் கூடினால் சேதன முறைக்குக் கஷ்டம் கூடும் என்றும் இருக்கிறது. நம்ம தேயிலை மண் புளிப்பு மண்தான்.

இந்த இடத்திலே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ தேயிலைத்தூளிலே கிட்டத்தட்ட 40 கிராம் நைதரசன் இருக்கிறது. நாம் இலையைக் கிள்ளிக் கூடையிலே போடும்போது மண்ணிலிருந்து அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம். நெல்லிலே வைக்கோலையாவது வயலுக்குத் திருப்பிப் போடலாம். தேயிலையில் எடுப்பதே இலை, அது கப்பலேறிப் போய்விடுகிறது. எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலே 23 கிலோ நைதரசன் இருக்கும். நல்ல கூட்டெரு 100 கிலோவிலே இருப்பது சுமாராக ஒன்றரைக் கிலோதான். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக, 50 கிலோ கூட்டெரு மூட்டை முப்பது வேண்டும். அதிலும் சத்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். அந்த முப்பது மூட்டையை யார் செய்வது? எங்கே செய்வது? லொறி ஏறாத மலைக்கு யார் தலையிலே தூக்குவது? ஒரு மூட்டைக்கு முப்பது மூட்டை என்றால் நாடு முழுவதற்கும் எத்தனை? இந்தக் கணக்கை மே மாதத்துக்கு முன்பு ஒரு கங்காணியிடம் கேட்டிருந்தால்கூட விரல் மடித்துச் சொல்லியிருப்பார்.

அதற்காக மீளாய்வு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் என்றும் நினைக்கக்கூடாது. மேலே சொன்ன மூன்றிலும் இருந்த பரீட்சைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. கோதுமை, சோளம், மரக்கறி, பழவகை என்று. தேயிலைக்கு அதிலே நேரடியான பதில் இல்லை. அப்படியானால் என்ன செய்வது? உள்ளூர்ச் சான்றைத் தேடவேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலே இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருடமாக எந்த மண்ணுக்கு எவ்வளவு உரம் என்று பார்த்துக் குறித்துவைத்திருப்பவர்கள் அவர்கள். ஊவாப் பக்கம் 1980களிலிருந்தே சேதனத் தேயிலை செய்கிற தோட்டங்களும் உண்டு. அவை ஒரே இரவில் மாறியவை அல்ல. தூளையும் கூடின விலைக்கு விற்கிறார்கள், அந்த விலைதான் குறைந்த விளைச்சலை ஈடுகட்டுகிறது. எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் மாறினால் அந்தக் கூடின விலை எங்கிருந்து வரும்? 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்திலேகூட இந்த மாற்றத்துக்குப் பத்து வருடம் என்றுதான் எழுதியிருந்தது. பத்து வருடம் ஏன் ஒரு நாளாகச் சுருங்கியது? உரம் வாங்க டொலர் இல்லாததும் ஒரு காரணம் என்பதை அன்றைக்கே பலர் சொன்னார்கள்.

நாட்டின் தேயிலை உற்பத்திக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோ. 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோ. ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. இதைப் பார்த்ததும் "பார்த்தீங்களா, எல்லாம் உரத்தடையால் வந்தது" என்று சொல்லத் தோன்றும். இங்கேயும் நாம் ஒரு கூடையைப் பார்த்து மலையை அளந்துவிடக்கூடாது. 2022இல் டீசல் இல்லை, கரண்ட் இல்லை, தடை நீங்கிய பிறகும் விலை ஏறின உரத்தை வாங்க முடியவில்லை. அதெல்லாம் சேர்ந்துதான் 251. தடையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரிக்க, உரம் போட்ட நிலத்தையும் போடாத நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தடை எல்லாருக்கும் ஒரே நாளில் வந்ததால் அப்படி வைத்துப் பார்க்கக்கூட ஒரு மலை மிச்சமில்லாமல் போயிற்று. இரண்டு மூன்று தோட்டத்திலே ஐந்து வருடம் செய்துபார்த்துவிட்டு ஆரம்பித்திருந்தால் நட்டமும் சின்னதாக இருந்திருக்கும், பாடமும் மிச்சமாக இருந்திருக்கும்.

இப்போது நம்ம அடுப்படிக்குள் வருவோம். லயக் காம்பராவிலே விறகடுப்புப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது என்று நேர்ஸ் நோனா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். புகை கெடுதி என்பதிலே சந்தேகம் இல்லை, பல வருட ஆராய்ச்சி இருக்கிறது. அப்படியானால் நல்ல அடுப்புக் கொடுத்தால் நிமோனியாக் காய்ச்சல் குறையும் என்றுதானே நினைப்போம்? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆபிரிக்காவில் மலாவி நாட்டிலே 150 கிராமங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பரீட்சித்தார்கள். பாதிக் கிராமத்துக்குப் புகை குறைந்த புது அடுப்பு, பாதிக்குப் பழைய அடுப்பு. 2016இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கத்திலும் நிமோனியா ஏறக்குறைய ஒரே அளவு. அடுப்பு பழுதாகிறது, குப்பை எரிக்கிற புகை, வெளிப்புகை எல்லாம் அப்படியே இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

சரி, விறகே வேண்டாம், கேஸ் கொடுத்துப் பார்ப்போம் என்று இன்னொரு பெரிய பரீட்சை நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு நாட்டில் 3,200 கர்ப்பிணித் தாய்மார். இந்தியாவில் நடந்த இடம் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்கள். பாதிப்பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச கேஸும் கொடுத்தார்கள். தாய்மார் சுவாசிக்கிற புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் 2022இல் வந்த முடிவின்படி பிறந்த பிள்ளைகளின் நிறையிலே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2024இல் வந்த முடிவின்படி கடுமையான நிமோனியாவும் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்ப புகை ஒண்ணும் செய்யாது" என்று யாரும் முடிவுகட்டிவிடாதீர்கள். கண் எரிச்சல், இருமல், வயதுபோன காலத்து இழுப்பு, விறகு தேடிப் போகும் நேரம், அட்டைக்கடி இவையெல்லாம் வேறு கணக்கு. கூரை உயர்த்தி, புகைக்கூண்டு வைத்து, பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் விடாமல் வைத்திருப்பது எப்போதும் நல்லதுதான். இந்தப் பரீட்சைகள் சொல்லுவது வேறு. ஒரு அடுப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பிள்ளையின் நிமோனியா நின்றுவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நம்ம லயத்தை நினைத்துப்பாருங்கள். ஒரு வீட்டிலே கேஸ் வந்தாலும் பக்கத்துக் காம்பராப் புகை கூரைவழியாக வருமே! அப்படியானால் திட்டம் ஒரு வீட்டுக்கு அல்ல, முழு லயத்துக்கும் வேண்டும். அதோடு தடுப்பூசி, சத்துணவு, பிள்ளைக் காம்பராவிலே நெருக்கடி இல்லாத இடம் எல்லாம் சேரவேண்டும். மலாவிக் கணக்கை முன்கூட்டி வாசித்த திட்டக்காரர் இதையெல்லாம் சேர்த்து எழுதுவார். வாசிக்காதவர் அடுப்பை இறக்கிவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு இடத்திலே சரிவந்தது இன்னொரு இடத்திலே சரிவரும் என்ற நிச்சயமும் இல்லை. மேலே சொன்ன குறைமாதப் பிள்ளைகளுக்கான ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில், மாதக் கணக்குச் சரியாகத் தெரிந்து, பிறந்த பிள்ளையைப் பராமரிக்க வசதியும் உள்ள இடத்திலே அது உயிர் காக்கிறது. அதே ஊசியை ஆறு நாடுகளில் வசதி குறைந்த இடங்களில் பரவலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே மொத்தத்தில் இறப்புக் குறையவில்லை, கொஞ்சம் கூடவும் செய்தது. மாதக் கணக்குச் சரியாகத் தெரியாமல் பல தாய்மாருக்குப் போட்டுவிட்டார்கள். மருந்து ஒன்றுதான், இடம் வேறு. ஆஸ்பத்திரியிலே டொக்டர் பார்த்துப் போடச் சொன்னால் பயப்படவேண்டாம். மாதக் கிளினிக்குக்கு முதலிலிருந்தே போய்க் கணக்கைச் சரியாக வைத்திருப்பதுதான் நம்ம கையில் உள்ளது.

இதையெல்லாம் வாசித்து நாம என்ன செய்யிறது, நாமளா சட்டம் போடுறோம் என்று கேட்பீர்கள். சட்டம் போடுவதில்லைதான். ஆனால் தோட்டத்துக்கு ஒரு திட்டம் வரும்போது மாதர் சங்கக் கூட்டத்திலும் வீடமைப்புச் சங்கக் கூட்டத்திலும் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே கையைத் தூக்கி, "ஐயா, இதை வேற எங்க செஞ்சு பாத்தீங்க? செய்யாத தோட்டத்தோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா? எங்கயாவது சரிவராம போச்சா? ஏன் போச்சு?" என்று கேட்கலாம். மரியாதையாகக் கேட்கலாம். கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. எங்கேயும் சரிவராமல் போகவே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் நிறைந்த கூடையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் என்று அர்த்தம். "இன்ன இடத்திலே சரிவரவில்லை, ஆகவே இங்கே இப்படி மாற்றிச் செய்கிறோம்" என்று சொல்கிறவரை நம்பி அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. 2021இலும் 2022இலும் நம்ம மலைகளில் என்ன நடந்தது என்று இன்றைக்கு ஒருவர் ஆராய வந்தால், செக்ரோலும் பெக்டரிக் கணக்கும் நிர்வாகத்திடம் இருக்கும். நம்மிடம் இருப்பது ஞாபகம் மட்டுந்தான். ஞாபகம் பேசும்போது கண்ணீர் வரும், ஆனால் தராசிலே அதை வைக்க முடியாது. பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றிலே நாலு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திகதி, எந்த மலை, எத்தனை கிலோ நிறுத்தது, எத்தனை கிலோ கழித்தது. உரம் போட்ட நாளையும் கவ்வாத்து வெட்டின மாதத்தையும் ஓரத்திலே குறித்துவையுங்கள். நிறுவைத் துண்டு கொடுக்கிற தோட்டமாக இருந்தால் அதையும் அதே பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்து வந்து இரண்டு நிமிஷம் போதும். எழுதத் தெரியாத பாட்டிமாருக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும்.